எந்தப் புரோகிராம் எவ்வளவு புரொசசரைத் தின்கிறது: லினக்ஸில் கணக்கெடுக்க ஒரு முழு வழிகாட்டி

வன்னியில் என் கைக்கு வருகிற லினக்ஸ் மெசின்கள் பெரும்பாலும் பழையவை. வெளிநாட்டு மாமா பாவித்து முடித்து அனுப்பிய லெப்டொப், கந்தோரில் கழித்துவிட்ட டெஸ்க்டொப், ரியூசன் நிலையத்து மூலையில் கிடக்கிற இரண்டு கோர்ப் பெட்டி. விண்டோஸ் இழுக்காத இடத்தில் லினக்ஸ் போட்டுக்கொள்வார்கள். கொஞ்சக் காலம் போனதும், "அண்ணை, பின்னுக்கு ஏதோ ஒண்டு நிண்டு மெசினைத் திண்டுகொண்டிருக்கு" என்று வரும். எது என்று கேட்டால் டொப்பை, அதாவது ஓடுகிற புரோகிராம்களைப் பட்டியலிட்டுக் காட்டுகிற கருவியைத் திறந்து முதல் வரியைக் காட்டுவார்கள். பல நேரம் அந்த முதல் வரிக்காரன் நிரபராதி.

டொப்பில் முன்னுக்குத் தெரிகிற சதவீதம் இந்தக் கணத்து வேகம் மட்டுமே. இரணைமடுக் குளத்தின் துருசு, அதாவது மதகு, இப்போது எவ்வளவு திறந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி, இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் அடி தண்ணீர் போனது என்பது வேறு கேள்வி. மெசினை யார் தின்றார் என்பதற்கு இரண்டாவது வகைக் கணக்குத்தான் தேவை. அதற்குப் பெயர் புரொசசர் நேரம். அது சதவீதத்தில் அல்ல, விநாடியில் வரும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த விநாடிகளைத் தேடித்தான் போகப் போகிறோம்.

ஒரு விடயம் முன்கூட்டியே. கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டேர்மினலில், அதாவது கட்டளை தட்டுகிற சாளரத்தில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்வேன். குழப்பம் வரக்கூடிய இடத்தில் ஆங்கில எழுத்தையும் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.

முதலில் எதை அளக்கிறோம் என்பது

ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமின் ஒரு பிரதிக்குப் பெயர் புரொசஸ். புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதிக்குப் பெயர் கோர். ஒரு புரொசஸ் ஏதாவது ஒரு கோரில் உண்மையாக ஏறி ஓடிய நேரம்தான் அதன் புரொசசர் நேரம். டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம், இணையத்தில் இருந்து பதில் வரும்வரை தூங்கிய நேரம், நீங்கள் கீபோர்டைத் தட்டும்வரை சும்மா இருந்த நேரம் எதுவும் இதில் சேராது. அதனால் காலையில் திறந்துவைத்த எடிட்டர் மாலைவரை இருந்தும் சில விநாடிகளே செலவழித்திருக்கும். மறுபக்கம், நான்கு கோர் உள்ள மெசினில் நான்கு திரெட்டும் (ஒரு புரொசஸுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற வேலை இழைகள்) முழுமூச்சாக ஓடினால் சுவர்க் கடிகாரத்தில் ஒரு விநாடி போவதற்குள் நான்கு விநாடி புரொசசர் நேரம் கணக்கில் ஏறிவிடும்.

லினக்ஸின் மையமான கேர்னல் இந்த நேரத்தை இரண்டு பைகளில் போடுகிறது. புரோகிராமின் சொந்தக் கணக்குப்பாடு 'யூசர்' பையில். புரோகிராமுக்காகக் கேர்னல் செய்த வேலை, அதாவது ஃபைல் வாசிப்பு, நினைவகம் ஒதுக்கல், நெட்வேர்க் அனுப்பல் எல்லாம் 'சிஸ்டம்' பையில். வழக்கமான கேர்னல்களில் இரண்டின் கூட்டுத்தொகை நுணுக்கமாக வரும், ஏனென்றால் யார் எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கிற ஷெட்யூலர் ஒவ்வொரு முறையும் நானோவிநாடியில் பதிவு செய்கிறது. ஆனால் யூசருக்கு எவ்வளவு, சிஸ்டத்துக்கு எவ்வளவு என்ற பிரிப்பு, கடிகாரத் துடிப்பு வரும் கணத்தில் எது ஓடிக்கொண்டிருந்தது என்பதை வைத்துச் செய்கிற மதிப்பீடுதான். சில மில்லிவிநாடியில் முடிகிற புரோகிராமுக்கு இந்தப் பிரிப்பை நம்பி விவாதம் செய்யாதீர்கள்.

படி 1: நீங்களே தொடக்குகிற வேலை

இதுதான் மிகச் சுலபம். கட்டளைக்கு முன்னால் 'டைம்' என்று போட்டால் போதும். கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோ, சாமத்தியவீட்டு வீடியோவை எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற புரோகிராம் கொண்டு சிறிதாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் மூன்று வரி வரும். ரியல் 6 நிமிடம், யூசர் 21 நிமிடம், சிஸ் 20 விநாடி. ரியல் என்பது சுவர்க் கடிகாரம். மற்ற இரண்டையும் கூட்டி ரியலால் வகுத்தால் ஏறக்குறைய 3.6 வரும். நான்கு கோர் மெசினில் சராசரியாக மூன்றரைக் கோருக்கு வேலை கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வேலையை இதைவிட வேகமாக்க வேண்டுமென்றால் நல்ல புரொசசர் வேண்டும், அல்லது எஃப்எஃப்எம்பெக்கின் தர அமைப்பைக் குறைக்க வேண்டும்.

இப்போது அதே 6 நிமிடத்தில் யூசர் 40 விநாடி மட்டும் வந்தால்? புரொசசர் பெரும்பாலும் சும்மா இருந்திருக்கிறது. வீடியோ பழைய யூஎஸ்பி டிஸ்க்கில் கிடக்கலாம், அல்லது நெட்வேர்க்கில் இருந்து வரலாம். இந்த நிலையில் புதிய புரொசசருக்குக் காசு கொடுப்பது வீண். என்னைக் கேட்டால், மெசின் மாற்றுவதற்கு முன் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான். இதற்கு எதையும் நிறுவக்கூடத் தேவையில்லை.

டைம் என்ற பெயரில் இரண்டு சாமான்கள் உண்டு. ஒன்று, கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற பாஷ் ஷெல்லுக்குள்ளேயே இருக்கிற சொல், மற்றது தனிப் புரோகிராம். தனிப் புரோகிராம் உபுண்டுவிலும் டெபியனிலும் எப்போதும் வருவதில்லை, 'டைம்' என்ற பொதியை நிறுவ வேண்டும். அதைக் கூப்பிட முழுப் பாதையையும் தட்டுங்கள்: /யூஎஸ்ஆர்/பின்/டைம் (/usr/bin/time). பின்னால் -வி போட்டால் நீளமான பட்டியல் வரும். அதில் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, உச்ச நினைவகப் பாவனை. மற்ற இரண்டும், ஒரு புரொசஸ் கோரை விட்டு இறங்கி இன்னொன்று ஏறுகிற 'கொன்டெக்ஸ்ட் ஸ்விட்ச்' எண்ணிக்கைகள். தானாக விட்டுக்கொடுத்த எண்ணிக்கை மிகுந்திருந்தால் புரோகிராம் எதற்காகவோ அடிக்கடி காத்திருந்திருக்கிறது. கட்டாயமாக இறக்கப்பட்ட எண்ணிக்கை மிகுந்திருந்தால் வேறு யாரோ கோருக்குப் போட்டி போட்டிருக்கிறார்கள்.

குழாய்க் குறியால் பல கட்டளைகளைக் கோர்த்திருந்தால் ஷெல்லின் டைம் முழுக் கோர்வையையும் அளக்கும், தனிப் புரோகிராம் முதல் கட்டளையை மட்டும் அளக்கும். இரண்டு வேறு எண்கள் வந்து தலையைச் சொறிகிறவர்கள் இதைப் பாருங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் -பெஞ்ச்மார்க் என்று போட்டால் அதுவே தன் யூசர், சிஸ்டம், ரியல் நேரங்களைச் சொல்லிவிடும்.

படி 2: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை

இதற்குப் பிஎஸ் (ps) என்ற கட்டளை. நான் பாவிக்கிற வடிவம்:

பிஎஸ் -ஈஓ பிஐடி,யூசர்,ஈடைம்,டைம்,பிசிபியூ,கொம் --சோர்ட்=-டைம்
(ps -eo pid,user,etime,time,pcpu,comm --sort=-time)

காற்புள்ளிக்குப் பின்னால் இடைவெளி விடக்கூடாது. ஈடைம் என்பது புரொசஸ் பிறந்து எவ்வளவு காலம் என்பது. டைம் என்பது அது இதுவரை தின்ற புரொசசர் நேரம். கடைசியில் உள்ள சோர்ட், அதிகம் தின்றவரை மேலே கொண்டுவரும். மெசினைத் திறந்ததில் இருந்து யார் மொத்தமாக எவ்வளவு எடுத்தார் என்ற கேள்விக்கு இந்த ஒரு வரி போதும். காலையில் இருந்து ஓடுகிற மெசினில் ஃபைல்களுக்கு அட்டவணை போடுகிற ஒரு சேவை ஒன்றரை மணித்தியாலம் தின்றிருந்தால் அது இங்கே தலைகாட்டும். டொப்பில் அந்தக் கணம் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

பிசிபியூ நிரலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிஎஸ் காட்டுகிற சதவீதம் அந்தக் கணத்துக்கு உரியதல்ல. மொத்தப் புரொசசர் நேரத்தைப் பிறந்தது முதல் இன்றுவரையான காலத்தால் வகுத்த ஆயுள் சராசரி அது. மூன்று நாள் தூங்கிவிட்டு இப்போது ஒரு கோரை முழுதாக விழுங்கிக்கொண்டிருக்கிற புரொசஸ் பிஎஸ்ஸில் 1 அல்லது 2 சதவீதம் என்று சாதுவாக நிற்கும். டொப் 100 என்கிறது, பிஎஸ் 2 என்கிறது, எது பொய் என்று கேட்பார்கள். இரண்டும் உண்மைதான், அளந்த கால நீளம்தான் வேறு.

படி 3: டொப்பை ஒழுங்காகப் பாவித்தல்

டொப்பைத் திறந்தவுடன் சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் பெரிய எழுத்து டீ (T) தட்டுங்கள். வரிசை, சதவீதத்தில் இருந்து மொத்த நேரத்துக்கு மாறும். டைம் பிளஸ் என்ற நிரலில் நூறில் ஒரு பங்கு விநாடி வரை தெரியும். பெரிய எழுத்து எஸ் தட்டினால், ஒரு புரொசஸ் தொடக்கி, வேலை முடிந்துபோன பிள்ளைப் புரொசஸ்களின் நேரமும் தாயின் கணக்கில் சேர்த்துக் காட்டப்படும். ஷெல் ஸ்கிரிப்ட்டுகளைச் சந்தேகிக்கும்போது இது மிகவும் உதவும். எண் 1 தட்டினால் ஒவ்வொரு கோரும் தனி வரியாகும். பெரிய எழுத்து எச், திரெட்டுகளைப் பிரித்துக் காட்டும்.

சதவீதம் 100ஐத் தாண்டினால் பயப்பட வேண்டாம். டொப் வழமையாக ஒரு கோரை 100 என்று கணக்கிடுகிறது. நான்கு கோருக்கு 400 வரை போகலாம். முழு மெசினையும் 100 ஆக வைத்துப் பார்க்க விரும்பினால் பெரிய எழுத்து ஐ தட்டுங்கள். டொப் போன்ற எச்டொப் நிறத்தோடு அழகாக இருக்கும், ஆனால் கணக்கு இதே கணக்குத்தான்.

மேல் வரிகளில் 'டபிள்யூ ஏ' என்ற எண் உயர்ந்திருந்தால், புரொசசர் வேலை இல்லாமல் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. லோட் எவரேஜ் என்ற மூன்று எண்களையும் புரொசசர் பாவனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லினக்ஸில் அந்த எண்ணுக்குள் ஓடுகிறவர்களோடு டிஸ்க்கில் சிக்கி அசையாமல் நிற்பவர்களும் சேருவார்கள். கழன்றுபோகிற ஹார்ட் டிஸ்க் ஒன்றே லோடை எட்டுக்கும் பத்துக்கும் ஏற்றிவிடும், புரொசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதே.

டொப்பின் வெளியீட்டை ஃபைலில் பிடிக்க -பி -என் 2 (-b -n 2) என்று கொடுத்து இரண்டாவது தொகுதியை மட்டும் எடுங்கள். முதலாவது தொகுதிக்கு ஒழுங்கான ஒப்பீட்டுக் காலம் இல்லை.

படி 4: ஒரு காலத்துண்டை வெட்டி அளத்தல்

"நான் வீடியோ கோல் எடுக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் யார் தின்கிறார்?" இந்தக் கேள்விக்கு ஆயுள் கணக்கும் உதவாது, கணத்து வேகமும் உதவாது. வேண்டியது இரண்டு நேரங்களுக்கு இடையிலான வித்தியாசம்.

கையால் செய்து பார்த்தால் விளங்கும். ஒவ்வொரு புரொசஸுக்கும் /புரொக் (/proc) என்ற ஃபோல்டருக்குள் அதன் எண்ணில் ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் ஸ்டட் என்ற ஃபைலில் 14ஆவது எண் யூசர் நேரம், 15ஆவது சிஸ்டம் நேரம். அலகு விநாடியல்ல, துடிப்பு. 'கெட்கொன்ஃப் சிஎல்கே_டிசிகே' (getconf CLK_TCK) என்று, கெட்கொன்ஃபை மட்டும் சிறிய எழுத்தில், மற்றதைப் பெரிய எழுத்தில் தட்டினால் ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று வரும். நம் மெசின்களில் 100. பத்து விநாடி இடைவெளியில் இரண்டு தரம் வாசித்து, 14ஆவது எண் 51200இல் இருந்து 51950 ஆகவும், 15ஆவது 3100இல் இருந்து 3150 ஆகவும் மாறியிருந்தால் மொத்தம் 800 துடிப்பு, அதாவது 8 விநாடி. பத்து விநாடியில் எட்டு, ஒரு கோரின் 80 சதவீதம். டொப்பும் மற்றவையும் உள்ளுக்குச் செய்கிறது இதுதான்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு பொறி. இரண்டாவது இடத்தில் அடைப்புக்குறிக்குள் வருகிற புரோகிராம் பெயருக்குள் இடைவெளி இருக்கலாம். இடைவெளியை வைத்துத் துண்டாக்கி 14ஐ எண்ணினால் சில புரொசஸ்களுக்குத் தப்பான எண் வரும். கடைசி மூடும் அடைப்புக்குறிக்குப் பின்னாலிருந்து எண்ணுங்கள்.

கையால் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு சிஸ்ஸ்டட் (sysstat) பொதியில் பிட்ஸ்டட் (pidstat) இருக்கிறது. 'பிட்ஸ்டட் 5 12' என்று தட்டினால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை, பன்னிரண்டு முறை, மொத்தம் ஒரு நிமிடம் அளந்து கடைசியில் சராசரியும் தரும். ஒரு புரொசஸ் மட்டும் என்றால் -பி (p) போட்டு அதன் எண். பெயரை வைத்து என்றால் பெரிய எழுத்து -சி. திரெட்டுகளுக்கு -டி (t). அதில் 'வெயிட்' என்றொரு நிரல் உண்டு. புரோகிராம் ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் வரிசையில் நின்ற பங்கு அது. உங்கள் வீடியோ கோல் வெட்டி வெட்டி வருகிறது, அதன் சொந்தப் பாவனையோ குறைவு என்றால் இந்த நிரலைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் உங்கள் புரோகிராம் பாதிக்கப்பட்டவன், குற்றவாளி பட்டியலில் வேறு எங்கோ இருக்கிறான். பிட்ஸ்டட்டை எண் எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் மெசின் தொடங்கியதில் இருந்தான சராசரி வரும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

படி 5: பிறந்தவுடன் சாகிறவை

டொப் வழமையாக மூன்று விநாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறது. இடையில் பிறந்து, கால் விநாடி ஓடி, செத்துப்போகிற புரொசஸ் அதன் கண்ணில் படாது. அப்படி ஆயிரம் வந்து போனால் மேலே மொத்தப் பாவனை 90 சதவீதம் என்று நிற்கும், கீழே பட்டியலில் யாருமே குற்றவாளியாகத் தெரியமாட்டார்கள். ரியூசன் நிலையத்தில் பரீட்சைத் தாள்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் தனித் தனியாகச் சிறிதாக்குகிற ஸ்கிரிப்ட் இதற்கு நல்ல உதாரணம்.

இங்கே புரொசஸ் கணக்குப்பதிவு வேண்டும். டெபியன் குடும்பத்தில் ஏ, சி, சி, டி என்ற நான்கெழுத்துப் பொதி. ஃபெடோரா பக்கம் அதே பெயருக்கு முன்னால் பி, எஸ் சேரும். நிறுவி இயக்கினால், ஒவ்வொரு புரொசஸும் சாகும்போது கேர்னல் ஒரு சிறு பதிவு எழுதிவைக்கும். எஸ், ஏ என்ற இரண்டெழுத்துக் கட்டளை அதைக் கூட்டிக் காட்டும். எத்தனை தடவை ஓடியது, 'ஆர்ஈ' என்று சுவர்க் கடிகார நிமிடம், 'சிபி' என்று புரொசசர் நிமிடம். -எம் போட்டால் ஆள்வாரியாகப் பிரிக்கும். வவுனியா பல்கலைக்கழகத்திலோ அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்திலோ ஒரு சேர்வரைப் பல மாணவர் பகிர்ந்து பாவிக்கிறார்கள் என்றால், யாருடைய சிமியுலேசன் தின்கிறது என்ற சண்டையை இந்த ஒரு வரி தீர்க்கும். லாஸ்ட்கொம் என்ற கட்டளை ஒவ்வொரு பதிவையும் நேரத்தோடு வரிசையாகக் காட்டும்.

குறைகளும் உண்டு. சாகாதவர் பதிவில் இல்லை. புரோகிராமின் பெயர் மட்டும், அதுவும் 15 எழுத்து வரைதான் இருக்கும். பைதன் என்று வரும், எந்தப் பைதன் ஸ்கிரிப்ட் என்று வராது. பழைய சிறிய டிஸ்க் என்றால் வேலை முடிந்ததும் 'எக்டொன் ஓஃப்' (accton off) கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

படி 6: கூட்டமாக வருபவை

ஃபயர்பொக்ஸ் ஒரு புரோகிராம்தான், ஆனால் புரொசஸ் பல. ஒவ்வொன்றும் பத்துப் பத்துச் சதவீதம் எடுத்தால் எவருமே முன்னுக்கு வரமாட்டார்கள். குடும்பத்தைச் சேர்த்து எண்ண கேர்னலில் சிகுரூப் என்ற ஏற்பாடு உண்டு. சேவைகளைத் தொடக்கி நடத்துகிற சிஸ்டம்டி உள்ள மெசின்களில் ஒவ்வொரு சேவையும் தனக்கென ஒரு சிகுரூப்பில் ஓடுகிறது. 'சிஸ்டம்டி-சிஜிடொப்' (systemd-cgtop) என்று தட்டினால் குடும்பம் குடும்பமாகக் கணக்கு வரும். ஒரு சேவைக்கு 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' போட்டால் அது இதுவரை தின்ற நேரத்தை 'சிபியூ' என்ற வரியில் பார்க்கலாம். புதிய மெசின்களில் சேவை நிற்கும்போது எவ்வளவு தின்றது என்று ஜேர்னல் எனப்படும் பதிவேட்டிலும் எழுதிவிடும்.

உங்கள் சொந்த வேலையையும் இப்படிப் பெட்டிக்குள் போடலாம். 'சிஸ்டம்டி-ரன் --யூசர் --வெயிட்' என்று தட்டிப் பின்னால் கட்டளையை எழுதுங்கள். முடிந்ததும் மொத்தப் புரொசசர் நேரம் வரும். டைம் கட்டளைக்கு அகப்படாமல் பின்னணிக்கு நழுவிப்போகிற பிள்ளைகளும் இந்தப் பெட்டியை விட்டு வெளியே போக முடியாது. சிக்கலான ஸ்கிரிப்ட்டுகளுக்கு நான் டைமை விட இதைத்தான் நம்புகிறேன்.

அதே வேலை, வேறு விநாடி

இதைப் பல வழிகாட்டிகள் கண்டுகொள்வதில்லை, எங்கள் பக்கத்து வெயிலுக்கோ இது தலையாய விடயம். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை மாதத்து மத்தியானத்தில், விசிறி தூசியால் அடைபட்ட லெப்டொப்பில் புரொசசர் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேலை அதேதான், ஆனால் ஒவ்வொரு விநாடியிலும் நடப்பது குறைவு. எனவே புரொசசர் நேரம் கூடிவிடும். காலையில் 14 நிமிடம் எடுத்த வேலை பின்னேரம் 20 நிமிடம் எடுத்தால் புரோகிராம் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. கரண்ட் போய் பற்றரியில் ஓடும்போதும் இதே கதை. ஒரு கோரை இரண்டாகக் காட்டுகிற ஹைப்பர்திரெடிங் உள்ள புரொசசரில், பக்கத்து இரட்டையன் வேலை செய்யும்போது உங்கள் விநாடிகளும் கூடும்.

ஆகவே இரண்டு அளவீடுகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், இரண்டும் கரண்டில், மெசின் ஒரே அளவு சூட்டில் இருக்கும்போது எடுங்கள். சில முறை ஓட்டி ஆகக் குறைந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இடையூறு எதுவும் விநாடியைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

இன்னும் திடமான வழி பேர்ஃப் (perf) என்ற அளக்கும் கருவி. 2009இல் வெளிவந்த 2.6.31 கேர்னலில் இருந்து லினக்ஸோடு இருக்கிறது. 'பேர்ஃப் ஸ்டட்' என்று போட்டுக் கட்டளையை எழுதினால் புரொசசர் நேரத்தோடு, எத்தனை அறிவுறுத்தல்கள் நிறைவேறின, எத்தனை சுழற்சிகள் போயின, சராசரி எத்தனை கிகாஹேர்ட்ஸ் என்றெல்லாம் வரும். அறிவுறுத்தல் எண்ணிக்கை வெயிலுக்குப் பெரிதாக மாறாது. விநாடி கூடி, அறிவுறுத்தல் அப்படியே இருந்தால் சூட்டையும் விசிறியையும் பாருங்கள். இரண்டும் கூடியிருந்தால் புரோகிராமைப் பாருங்கள். உரிமை இல்லை என்று மறுத்தால் சூடோ போட்டு நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள். புரோகிராமுக்குள் எந்த ஃபங்சன் தின்கிறது என்று அறிய 'பேர்ஃப் ரெக்கோர்ட்', பிறகு 'பேர்ஃப் ரிப்போர்ட்'. அது தனியாக எழுத வேண்டிய அளவு பெரிய விடயம்.

படி 7: கண்டுபிடித்த பிறகு

புரொசஸை நிறுத்துகிற கில் கட்டளைக்கு அவசரப்படாதீர்கள். முன்னுரிமையைக் குறைக்கிற நைஸ் 19இல் தொடக்கினாலோ, ஓடுகிறதை ரீநைஸ் செய்தாலோ மற்றவர்களுக்கு வழி விடும். அதன் மொத்தப் புரொசசர் விநாடிகள் இதனால் குறையாது, பின்னுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கண்டிப்பான வரம்பு வேண்டுமென்றால் சிஸ்டம்டி-ரன்னில் -பி (p) போட்டு சிபியூகோட்டா=50% என்று கொடுங்கள். சிபியூ மூன்று எழுத்தும் கோட்டாவின் முதல் எழுத்தும் பெரியவை. 50 என்பது அரைக் கோர், 200 என்றால் இரண்டு கோர். வரம்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தச் சிகுரூப்பின் ஃபோல்டருக்குள் சிபியூ.ஸ்டட் என்ற ஃபைலைத் திறவுங்கள். மொத்தப் பாவனை மைக்ரோவிநாடியில் இருக்கும். 'திரொட்டில்ட்' என்று தொடங்குகிற எண் ஏறிக்கொண்டே போனால் வரம்பு கடிக்கிறது. அது பூச்சியத்திலேயே நின்றால், நீங்கள் பிடித்துக் கட்டிவைத்தது தவறான ஆள், படி 4க்குத் திரும்பிப் போங்கள்.